வானத்துக்குப் போன வலது தட்டு

எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் ஒருநாள் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். நான் கொஞ்சம் அதிகமாகவே வெளியே போய்விட்டேன். அப்படிப் போனவன் என்னத்தைக் கட்டிக் கிழித்தான் என்று கேட்கிறவர்களுக்காக முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். படப்பையில் பாம்பு குடியிருந்த மனையில் மாடி வைத்த வீடு. ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அச்சும் கருவியும் செய்யும் டூல்ரூம். இன்று அங்கே ஏசி ஓடுகிறது, நான் கட்டியபோது கூரையே பாதிதான் இருந்தது. கார்க் கதவின் கீலைப் பிடிக்கும் பிராக்கெட்டுக்கான அச்சுகள். இந்த ரோட்டில் போகிற கார்களில் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிறதென்றால் யாரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது தெரிந்திருக்கும். வார்ப்புகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே அறைக்கு ஈயத்தகடு பொதிந்த கதவு. ஆணி அடித்தால் ஓட்டை, ஓட்டை வந்தால் கதிர் கசியும் என்று எல்லோரும் பயந்து ஒதுங்கியபோது ஓர் ஆணிகூட இல்லாமல் செய்து மாட்டினேன். எங்கள் தெரு அம்மன் கோயில் மணிக்கு ஸ்டாண்டு. கடைசியாக, வெடித்துச் செத்துப்போன ஒரு நட்சத்திரத்தை எக்ஸ்ரே படம் எடுத்த தொலைநோக்கியின் முகத்தட்டு.

கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் உங்கள் உதடு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். பரவாயில்லை. என் சம்பந்தியின் உதடும் அப்படித்தான் கோணியது.

நம் தொழிலாளர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று தம்பிகள் வருஷாவருஷம் கேட்பார்கள். எழுதுவது படித்தவர்களின் வேலை என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் எழுதவைத்தது ஒரு புகைப்படம். என்னோடு டூல்ரூமில், மெல்லிய கம்பியால் உலோகத்தை அறுக்கும் வயர்கட் மெஷின் ஓட்டிய சுடலைமுத்து அனுப்பியது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் அறிவியல் கண்காட்சி என்று மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், பெங்களூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று காட்சிக்கு அனுப்பிய ஒரு தட்டு. படத்தோடு குரல் செய்தியும் வந்தது.

"அண்ணாச்சி, இது நம்ம தட்டுல்லா? மூலையில செவப்பு தெரியுது பாருங்க. போர்டையும் பெருசு பண்ணிப் பாருங்க, வயிறெரியும்."

பெருசு பண்ணிப் பார்த்தேன். எதிரெதிர் அமைப்புள்ள இரட்டைத் தட்டுகள், எங்கள் ஆய்வுக் குழுவின் தனித்துவமான வடிவமைப்பு என்று போர்டு சொன்னது. கீழே பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு டாக்டர். ஏகாம்பரம் என்ற என் பெயரை மூக்குக்கண்ணாடி போட்டும் தேடினேன், கழற்றியும் தேடினேன். இல்லை. வயிறு சொன்னபடியே எரிந்தது.

நான் தொழில் கற்ற கதை பெரிய கதை இல்லை. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினேன். பிறகு அந்தச் சுருளை உண்டாக்கினேன். பிறகு மற்றவர்கள் உண்டாக்குவது சரியா என்று பார்த்தேன். ஒரகடத்தில் கம்பெனிகள் முளைத்தபோது இந்தப் பக்கம் வந்துவிட்டேன். நான் கற்ற ஒரே தத்துவம் ஒரகடத்தில் கற்றதுதான். உலகம் ஜோடிகளால் ஆனது. காரில் இடது கதவு இருந்தால் வலது கதவு இருக்கும். இடது பிராக்கெட், வலது பிராக்கெட். இரண்டும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும், ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் மாட்ட முடியாது. எங்கள் ஷாப்பில் ஒரு வேலை இரண்டு எண்ணிக்கை என்று வந்தால், இடது ஒன்று வலது ஒன்று. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவன்கூட முதல் வாரத்துக்குள் டீ டம்ளரை இரண்டாக வைத்தால் கைப்பிடி எதிரெதிராக வைப்பான்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மாலதி மேடம் வந்தார். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. திருச்சிக்காரர். காட்டன் புடவை, தோளில் ஒரு மூட்டை போன்ற பை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. வயர்கட் மெஷினும் எக்ஸ்ரே அறையும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டுமென்று தேடித்தேடி எங்களைக் கண்டுபிடித்திருந்தார். அவருக்கு வேண்டியது டங்ஸ்டன் கலந்த கனத்த தகட்டில் ஆயிரக்கணக்கான சதுர ஓட்டைகள். ஓட்டைகள் வரிசையில் இல்லை. பைத்தியம் பிடித்தவன் குத்தியது போல இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தன. அந்தப் பைத்தியத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்றார் மேடம். நானும் தலையாட்டினேன். எங்கள் மேனேஜ்மென்டைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள்.

எதற்கு இது என்று கேட்டேன். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது, அதனால் ஞாபகம் இருக்கிறது. பெரிய நட்சத்திரம் ஒன்று ஆயுசு முடிந்து வெடித்தால், அதன் உடம்பு தெறித்து ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கொதித்துக்கொண்டே வானத்தில் பரவுமாம். அந்த மிச்சத்திலிருந்து எக்ஸ்ரே வருமாம். நாம் இங்கே வார்ப்புக்குள் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே அடிக்கிறோம். அங்கே வானமே அடிக்கிறது, நாம் வாங்கினால் போதும். ஆனால் காற்று குறுக்கே நின்று மறித்துவிடுகிறது. அதனால் பெரிய பலூனில் கருவியைக் கட்டிக் காற்று மெலிந்துபோகும் உயரத்துக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு தொல்லை, அவர்கள் பிடிக்க நினைத்த ரக எக்ஸ்ரே எந்த லென்சுக்கும் வளையாது, ஊடுருவிக்கொண்டு போய்விடும்.

"வாசல்ல கோல அச்சு வச்சுப் பொடி சலிப்பாங்கல்ல? அதான் இது," என்றார். "வானம் மேலேருந்து எக்ஸ்ரேயைச் சலிக்குது. கீழ இருக்கற டிடெக்டர்ல கோலம் விழுது. கோலம் எந்தப் பக்கம் நகர்ந்து விழுந்திருக்குன்னு பார்த்தா, சலிச்ச கை எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும்."

அன்றிலிருந்து ஷாப்பில் அதற்குப் பெயர் கோலத்தட்டு. சுடலைமுத்து வயர் கோத்துக்கொண்டே, வானத்துக்குக் கோலம் போடுகிற வேலையெல்லாம் நமக்கு எதுக்கு அண்ணாச்சி என்று முனகினான். மார்கழிக்குள் முடித்தால் உனக்கும் பரிசு கிடைக்கும் என்றேன்.

வேலை லேசானது இல்லை. ஓட்டை ஓட்டையாக உள்ளே நுழைந்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டைக்கும் வயரை அறுத்து மறுபடி கோக்க வேண்டும். வெட்டி முடித்த தட்டு அப்பளம் போலத் தொய்யும். அதனால் அதன் முதுகில் எஃகுச் சட்டம் வைத்து வெள்ளிக் கம்பியால் பற்றவைத்து விறைப்பாக்க வேண்டும். அந்தப் பற்றவைப்பு என் கையால் மட்டும்தான் நடந்தது. சூடு ஒரு பக்கம் கூடினால் தட்டு முறுக்கிக்கொள்ளும். நான் பற்றவைத்தவை முறுக்கவில்லை. இதை யாரும் இதுவரை மறுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டு தட்டுகள் வேண்டும், ஒன்று பறக்க, ஒன்று கைவசம், என்பது ஆர்டர். இரண்டையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு சட்டங்களையும் எடுத்தேன். என் கை என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தது. முதல் தட்டின் ஒரு முகத்தில் சட்டம். இரண்டாவது தட்டின் மறுமுகத்தில் சட்டம். ஜன்னல் கதவு இரண்டைத் திறந்து வைத்தது போல அழகாக எதிரெதிராக நின்றன. பார்த்துப் பெருமைப்பட்டு டீ குடிக்கப் போனேன்.

இங்கே கோபாலகிருஷ்ணன் சாரை அறிமுகப்படுத்த வேண்டும். தரக் கட்டுப்பாட்டுத் தலைவர். கோபம் என்று பேரிலேயே இருந்தாலும் குரலை உயர்த்தியதே கிடையாது. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். நிஜமாகவே கொதிக்கும்போது நாம் அவர் வாய்ப் பக்கம் காதைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அவருக்கு எல்லோரும் மிஸ்டர். கூட்டுகிறவரும் மிஸ்டர். வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். அவர் அறையில் ஒரு சிறிய சிவப்புப் பெயின்ட் டப்பாவும் ஒரு பிரஷும் இருக்கும். கழிக்கப்பட்ட பொருள் தெரியாமல் மறுபடி லைனுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் மேல் சிவப்பு அடிப்பது எல்லாக் கம்பெனியிலும் உள்ளதுதான். மற்ற இடங்களில் யாராவது ஒரு கான்ட்ராக்ட் ஆள் இழுத்துவிட்டுப் போவான். எங்கள் சார் தன் கையால், கல்யாணப் பெண்ணுக்குக் குங்குமம் வைப்பது போல, நிதானமாக வைப்பார். வைத்து முடித்ததும் பிரஷைத் தின்னரில் கழுவித் துணியால் துடைத்து மறுபடி மாட்டுவார். அந்த பிரஷை யாருக்கும் இரவல் தந்ததில்லை.

தட்டுகளை வாங்கிப்போக மேடம் வந்த அன்று, அவற்றைத் தன் கருவியின் மாதிரிச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். முதல் தட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவதும் உட்கார்ந்தது. ஆனால் ஓட்டைகளின் கோலம் இடவலம் மாறிப்போயிருந்தது. திருப்பிப் போட்டால் கோலம் சரியாகிறது, ஆனால் முதுகுச் சட்டம் உள்ளே இடிக்கிறது. பிரிக்கலாமென்றால் மறுபடி சூடு காட்ட வேண்டும், காட்டினால் தட்டு கோணிவிடும். மேடம் முகம் வெளுத்துவிட்டது. அந்தத் தகடு வாங்கவே பல மாதம் பலர் மேஜைக்கு நடந்திருக்கிறார். கைவசத் தட்டு இல்லாமல் பலூன் விட்டு, இறங்கும்போது முதல் தட்டு உடைந்தால் ஆராய்ச்சி அதோடு சரி.

கோபாலகிருஷ்ணன் சாரின் குரல் இறங்கத் தொடங்கியது.

"மிஸ்டர் ஏகாம்பரம், எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க? ரெண்டுன்னா லெஃப்ட் ஒண்ணு, ரைட் ஒண்ணு. நம்ம ஷாப்புல வேற எப்டி சார் வரும்?"

"நட்சத்திரத்துக்கு லெஃப்ட் டோர், ரைட் டோர் இருக்கா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க நின்னுகினு கீறேன்?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அடக்கிக்கொண்டார். சார் பார்க்கவில்லை, பிரஷை எடுக்கப் போயிருந்தார். இரண்டாவது தட்டின் சட்ட மூலையில் சிவப்பு வைத்தார். கழித்துப்போட்ட சரக்கு கேட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எங்கள் சிஸ்டமே செத்துவிடும் என்று மேடத்திடம் காதோடு காதாகச் சொன்னார். தகடு எங்களுடையது, தப்போ சரியோ இரண்டையும் கொடுங்கள் என்றார் மேடம். வெகுநேரம் பேச்சு நடந்தது. கடைசியில் மேடம் சொன்னார்:

"அப்ப இன்னும் ரெண்டு கோட் செவப்பு அடிச்சே குடுங்க சார். நான் எடுத்துட்டுப் போறேன்."

சார் அதைக் கிண்டலென்று எடுத்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே இன்னும் இரண்டு கோட் அடித்தார்.

அடுத்த வாரம் எனக்கு ஐந்து 'ஏன்' நடந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு தப்பு நடந்தால் ஏன் என்று கேட்க வேண்டும், வந்த பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும், ஐந்தாவது பதிலில் மூலகாரணம் மாட்டிக்கொள்ளும். ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்த நல்ல முறை. எங்கள் கம்பெனியில் அதை இன்னும் மெருகேற்றி வைத்திருந்தோம்; எங்கிருந்து புறப்பட்டாலும் ஐந்தாவது பதில் ஒரு தொழிலாளியின் மடியில் போய் உட்காரும். மெஷின் பழசு என்றோ, அவசரப்படுத்தியது யார் என்றோ மூன்றாவது பதிலில் யாராவது தொடங்கினால் சார் மெதுவாக, நாம் இன்னும் ஆழமாகப் போவோம் என்பார்.

போனோம். ஏன் ஒரு தட்டு தவறானது? சட்டம் மறுமுகத்தில் ஒட்டப்பட்டது. ஏன் மறுமுகத்தில்? இரண்டையும் ஜோடி என்று நினைத்ததால். ஏன் ஜோடி என்று நினைக்க வேண்டும்? இங்கே வருவதெல்லாம் ஜோடி என்பதால். ஏன் இந்த வேலை வேறு என்று புரியவில்லை? வரைபடத்தைப் பார்த்தும் பழக்கத்தில் கை போனதால். ஏன் பழக்கத்தில் கை போனது? இந்த இடத்தில் சார் பேனாவை மூடித் திறந்தார். பிறகு எழுதினார்: போதிய கல்வித் தகுதி இல்லாமை. பக்கத்தில் என் பெயர், தகப்பனார் இனிஷியலோடு, டோக்கன் நம்பரோடு. அவ்வளவு மரியாதையாக என் முழுப்பெயரை என் கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் அங்கேதான் பார்த்தேன்.

டூல்ரூமிலிருந்து என்னை பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை இல்லையாம், மறுசீரமைப்பாம். நான் கட்டிய டூல்ரூமுக்குள் போக எனக்கு இனி பாஸ் வேண்டும். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட எட்டாம் வகுப்பு போதும் என்று முடிவு செய்திருப்பார்கள். முதல் நாள் முதல் வேலை என்ன தெரியுமா? பெங்களூருக்குப் போகப் பெட்டி இல்லாமல் எங்களிடமே காத்திருந்த அந்த இரண்டு கோலத்தட்டுக்கும் மரப்பெட்டி அடிப்பது. அடித்தேன். இடது தட்டுக்கு ஓர் அறை, வலது தட்டுக்கு ஓர் அறை, ஜோடியாக. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கும். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கோபாலகிருஷ்ணன் சாரே பேக்கிங் வாசலில் வந்து நின்றார். மேடம் வந்திருக்கிறார், உங்களைக் கேட்கிறார் என்றார். குரல் வழக்கமான உயரத்தில் இருந்ததால் கோபம் இல்லை என்று தெரிந்தது. அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. முதல் தட்டும் உடைந்துபோய்ப் பழி கொண்டு வந்திருக்கிறாரோ என்று நினைத்தபடி எக்ஸ்ரே அறைக்குப் போனேன். மேடத்தோடு வயசான விஞ்ஞானி ஒருவர் நின்றார், அவருடைய தலைவராம். மேடம் என்னைக் காட்டி அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னதைக் கோபாலகிருஷ்ணன் சார் எனக்குத் தமிழில் சொன்னார்:

"சார், ஜோடி போட்டவர் இவர்தான்."

விஷயம் இதுதான். பலூன் ஐதராபாத் பக்கத்திலிருந்து ஏறி, நண்டு நெபுலா என்று அவர்கள் சொல்லும் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சத்தை முதல் தட்டு வழியாகப் படம் எடுத்துவிட்டது. படத்தை எனக்குக் காட்டினார்கள். தோசைக்கல்லில் தெறித்த மாவு போல ஒரு வெளிச்சம். ஆயிரம் வருஷம் கொதித்ததற்கு இவ்வளவுதானா என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இன்னொரு புள்ளி இருந்தது. அங்கே எந்தப் படத்திலும் இதுவரை எதுவும் இல்லையாம். தலைவர் அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்கிறார். மேடம், டிடெக்டரில் ஏதோ ஒரு மூலை கெட்டுப்போய்ப் பொய்ப் புள்ளி காட்டுகிறது என்கிறார். கண்டுபிடிப்பென்று உலகத்துக்கு அறிவித்துவிட்டு இல்லையென்று ஆனால் மேடத்தின் பெயரும் சேர்ந்து கெடும். கோபாலகிருஷ்ணன் சார் அவர்கள் நிலையத்தில் வேலை பார்க்கவில்லையே தவிர, அங்கேயும் ஒரு பிரஷ் இருக்கத்தான் செய்யும்.

அவர்களுடைய எக்ஸ்ரே குழாய் பழுதாகி வெளிநாட்டு உதிரிபாகத்துக்குக் காத்திருந்தது. அதனால் கருவியை எங்கள் அறைக்குக் கொண்டுவந்து, எங்கள் குழாயை நட்சத்திரமாக வைத்துச் சோதிக்க வந்திருந்தார்கள். அறையின் ஒரு கோடியில் குழாய், மறுகோடியில் தட்டும் டிடெக்டரும். என் ஈயக் கதவைச் சாத்திவிட்டு வெளியே கம்ப்யூட்டர் முன்னால் நின்றோம். முதல் தட்டை மாட்டி எக்ஸ்ரே விட்டார்கள். திரையில் குழாய் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு புள்ளி.

பார்த்தீர்களா என்றார் மேடம். தலைவர் அசரவில்லை. வானத்தில் பார்த்தது நிஜம்தான், இங்கே தெரிவது கதிர் இந்தக் கதவில் பட்டுத் தெறித்து வருவது, கதவு சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். கதவு என்ற வார்த்தைக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் அவர் முகம் போன போக்கும் தெரிந்தது.

"இன்னா சார், கதவு மேல பழி போடறீங்க? ஒரு ஆணி இல்லாம அடிச்ச கதவு சார் அது," என்றேன். கோபாலகிருஷ்ணன் சார் என் கையைப் பிடித்தார்.

மேடம் பெட்டியைத் திறந்தார். சிவப்பு மூலைத் தட்டை எடுத்தார். என் பெட்டியின் வலது அறை. அதைக் கருவியில் மாட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார். மாட்டினேன். கதவைச் சாத்தினோம். கம்ப்யூட்டருக்கு, கோலம் இடவலம் மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். திரையில் படம் மெதுவாகத் திரண்டு வந்தது. குழாய்ப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு மயிரிழை நகரவில்லை. இன்னொரு புள்ளி மறுபக்கத்துக்குத் தாவியிருந்தது.

கதவு தாவாது. குழாயும் தாவாது. டிடெக்டரின் கெட்ட மூலையைத்தான் கம்ப்யூட்டர் தட்டுக்குத் தட்டு வேறு கோலமாகப் படித்து, வேறு வேறு இடத்தில் புள்ளி வைத்திருக்கிறது. மேடம் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நிஜமா இருக்கறது எந்தத் தட்டு வழியாப் பார்த்தாலும் அதே இடத்துலதான் இருக்கும் சார்," என்றார் தலைவரிடம், தமிழிலேயே. அவருக்குத் தமிழ் தெரியாது. "பொய்தான் தட்டுக்குத் தட்டு இடம் மாறும்."

பிறகு என் பக்கம் திரும்பி, ஒரே மாதிரி இரண்டு தட்டு செய்து கொடுத்திருந்தால் இது இன்றைக்குத் தெரிந்திருக்காது என்றார். கோபாலகிருஷ்ணன் சார் அதைக் கேட்டார். கேட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை பலூன் ஏறியபோது வலது தட்டுதான் ஏறியது. மூலைச் சிவப்பைத் தின்னரில் துடைத்தார்களாம். மூன்று கோட் ஆயிற்றே, பற்றவைப்பு மடிப்புக்குள் புகுந்த சிவப்பு அழியவில்லையாம். எங்கள் சார் கேட்டைத் தாண்டவே கூடாது என்ற சரக்கு மேகத்தையே தாண்டிப் போய், காற்று மெலிந்த உயரத்தில் நின்று, நண்டு நெபுலா இருக்கும் இடத்தில் நண்டு நெபுலாவையும், பொய் தாவிய இடத்தில் பொய்யையும் காட்டிக்கொடுத்தது. தலைவரின் புதுக் கண்டுபிடிப்பு சத்தமில்லாமல் செத்தது. வெடிக்கக்கூட இல்லை.

அதற்குப் பின் நடந்தவை நம் எல்லோருக்கும் பழக்கமான நாட்டுநடப்பு. ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. அதில், பிழைகளைக் களைய எதிரெதிர்த் தட்டுகள் பயன்படுத்தப்பட்டன என்று இருந்தது. பயன்படுத்தப்பட்டனவாம். தானாக வந்து பயன்பட்டுவிட்டுப் போயிருக்கின்றன. மேடம் என் பெயரை எழுதிக் கொடுத்ததாகவும், ஆட்களின் பெயர் வேண்டாம் நிறுவனத்தின் பெயர் போதும் என்று தலைவர் மாற்றியதாகவும் போனில் சொன்னார். அவர் குரலில் சங்கடம் இருந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. அப்போது அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். கட்டுரையின் கடைசியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு வரி நன்றி. அந்தப் பக்கத்தைக் கம்பெனி வரவேற்பறையில் ஃபிரேம் போட்டு மாட்டினார்கள். தொழில் கூட்டமைப்புக் கூட்டம் ஒன்றில் கோபாலகிருஷ்ணன் சார் அதைப் பற்றிப் பேசினாராம். வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொல்லாத தேவையையும் எங்கள் தரக் கட்டுப்பாட்டு முறை முன்கூட்டியே உணர்கிறது என்றாராம். சுடலைமுத்து டீ எடுத்துக்கொடுக்கப் போனவன், நின்று கேட்டுவிட்டு வந்து சொன்னான். கை தட்டினாயா என்று கேட்டேன். "தட்டுனேன் அண்ணாச்சி, தட்டாம இருந்தா தப்புன்னு ஏன் ஏன்னு கேப்பாவ," என்றான்.

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தில் பேக்கிங் பிரிவு என்று இருந்தது. என் பேத்தி அதைப் படித்துவிட்டு, தாத்தா நீ பெட்டி கட்டினியா என்று கேட்டாள். வானத்துக்கு ஒரு பெட்டி கட்டினேன் கண்ணு என்றேன். அவள் அம்மா, குழந்தையிடம் பொய் சொல்லாதீங்கப்பா என்றாள். என் வீட்டிலேயே இந்த நிலைமை என்றால் சம்பந்தியை என்ன சொல்ல.

அதனால்தான் அந்தப் புகைப்படத்தைப் பார்த்ததும் பஸ் பிடித்துக் கண்காட்சிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவர் ஒருவர் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை. சிவப்பைக் காட்டி, இது என்ன தம்பி என்றேன். அது விண்வெளிக் கருவிகளில் போடுகிற அடையாளக் குறி சார் என்றார். ஆமாம் தம்பி, அடையாளக் குறிதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது. சண்டை போட வேண்டியவர்கள் இந்த மலரைப் படிப்பார்கள், விளம்பரம் கொடுத்திருக்கிறார்களே.

எனக்குக் காசு வேண்டாம். இன்னொரு சால்வை வேண்டவே வேண்டாம், இருப்பதே பூச்சி அரிக்கிறது. நான் செய்தது தெரியாமல் செய்தது என்று சிலர் சொல்லலாம். தெரிந்து செய்தவர்கள் போர்டில் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர் அன்று எங்கள் மேஜையருகே நின்றிருந்தால் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு தட்டுத்தானே செய்திருப்பார்? நான் கேட்பது ஒன்றுதான், கம்பெனிக்கும் அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் சேர்த்துக் கேட்கிறேன். தப்புக்குக் கேட்ட அந்த ஐந்து கேள்வியை வெற்றிக்கும் கேளுங்கள். கோபாலகிருஷ்ணன் சாரே கேட்கட்டும், அவர் குரலிலேயே.

ஏன் பொய்ப் புள்ளி பிடிபட்டது? இரண்டு தட்டில் இரண்டு இடத்தில் விழுந்ததால். ஏன் இரண்டு இடத்தில் விழுந்தது? தட்டுகளின் கோலம் எதிரெதிராக இருந்ததால். ஏன் எதிரெதிராக இருந்தது? ஒன்றின் சட்டம் மறுமுகத்தில் பற்றவைக்கப்பட்டதால். ஏன் மறுமுகத்தில்? இரண்டு என்றால் ஜோடி என்று ஒருவர் நினைத்ததால். ஏன் அப்படி நினைத்தார், யார் அவர்?

ஐந்தாவது பதிலை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது, தகப்பனார் இனிஷியலோடு, டோக்கன் நம்பரோடு. கல்வித் தகுதியைப் பற்றிய வரியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை அங்கிருந்து எடுத்து, அந்தக் கண்ணாடிப் பெட்டியில், சிவப்பு மூலைக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.